டிரைவரின் மாமியார் இறந்த வாரம்

அந்த மெத்தைக் கம்பெனியில் யார் வந்து எதைக் கேட்டாலும் முதலாளி சொல்லும் நாள் ஒன்றுதான்: வெள்ளிக்கிழமை. ஒற்றைக் கட்டிலுக்கு மெத்தை கேட்டவருக்கும் வெள்ளிக்கிழமை, விடுதி முழுவதற்கும் கேட்டவருக்கும் வெள்ளிக்கிழமை. எந்த வெள்ளிக்கிழமை என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. மனிதர் தங்கம். இல்லை, முடியாது என்று சொன்னால் எதிரில் இருப்பவர் முகம் வாடிவிடும், அதை அவரால் பார்க்க முடியாது, அவ்வளவுதான். ஆகவே அந்த முகங்கள் வாடுகிற நேரத்தைச் சனிக்கிழமைக்குத் தள்ளிப்போட்டு, அவற்றைத் தேற்றுகிற பொறுப்பை டெலிபோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் ஒப்படைத்துவிட்டார்.

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தெரியும். மற்ற எல்லாருக்கும் அவள் சமாதானம். கட்டிய கணவரே, அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டில் அப்படித்தான் கூப்பிட்டார்.

தையல் கூடத்துக்கும் முதலாளி அறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதில் ஒரு மேஜை, ஒரு டெலிபோன், ஒரு நாற்காலி. நாற்காலியைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஃபோம் வெட்டும்போது மிஞ்சுகிற துண்டுகளில் நல்லதாகப் பார்த்து வருஷத்துக்கு ஒன்று எடுத்து அதன்மேல் போட்டுக்கொள்வாள். பழையதை எடுத்தால்தானே? எடுக்கவில்லை. அடுக்கி அடுக்கி, அவள் கால்கள் தரையை விட்டு எழும்பி, முதலாளியே அவளிடம் பேச அண்ணாந்து பார்க்க வேண்டியதாயிற்று. மேலே சுற்றுகிற மின்விசிறிக்கு அவள் தலை குனிந்து வழிவிட்டதாகக்கூட ஒரு பேச்சு உண்டு. கூடத்துக்காரர்கள் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். அதில் பாதியை நம்பினால் போதும்.

சனிக்கிழமை காலையில் டெலிபோனில் இடியாக ஆரம்பிக்கிற குரல், அவளிடம் கொஞ்ச நேரம் பேசினால் தூறலாகிவிடும். "பாவம், நீங்கதான் என்ன பண்ணுவீங்க" என்று அடங்கிவிடும். ஆர்டரை ரத்து செய்யக் கூப்பிட்ட ஒருவர், பேசி முடித்தபோது கூடுதலாக இரண்டு தலையணைக்குச் சொல்லியிருந்தார். எப்படி இது நடந்தது என்று அவருக்கும் தெரியாது, அவர் மனைவிக்கும் கடைசிவரை புரியவில்லை.

அண்டப்புளுகு, ஆகாசப்புளுகு என்று இரண்டு வகை சொல்வார்கள். சமாதானத்தின் புளுகு மூன்றாவது வகை, அளவெடுத்துத் தைத்தது. விலையைப் பற்றியும் சரக்கைப் பற்றியும் அவள் வாயில் பொய் வராது. தாமதத்துக்குக் காரணம் சொல்லும்போது மட்டும் வரும், அதுவும் ஆளைப் பார்த்து வரும். டாக்டருக்கு மெஷின் கோளாறு, ஏனென்றால் அவருக்கு மெஷின் தெரியாது. மெக்கானிக்குக்கு உடம்பு சரியில்லை, ஏனென்றால் அவருக்கு உடம்பு தெரியாது. ஒரு வீட்டுக்குச் சொன்னதை மறுபடி அதே வீட்டுக்குச் சொல்ல மாட்டாள். யாருக்கு எதைச் சொன்னோம் என்பது அவள் தலைக்குள் பத்திரமாக இருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றை அவள் பிரம்மாஸ்திரம்போல வைத்திருந்தாள். இரண்டு வெள்ளிக்கிழமை தாண்டிவிட்டது, ஆள் கோபத்தில் கொதிக்கிறார், இனி வேறு வழியே இல்லை என்றால்தான் அதை எடுப்பாள்.

"என்னத்த சொல்றது சார். நம்ம டிரைவரோட மாமியார் தவறிட்டாங்க. செய்தி வந்தப்போ மனுஷன் உங்க வீட்டுக்குத்தான் வந்துட்டு இருந்தாரு. வண்டிய ஓரமா நிறுத்திட்டு, ஸ்டியரிங்ல தலைய வச்சு அழுதாரு சார். பெத்த அம்மாவா இருந்தாக்கூட அப்படி அழமாட்டாங்க."

இதைக் கேட்டு உருகாத ஆளே இல்லை.

இதில் உள்ள சிறு சங்கடம் என்னவென்றால், டிரைவரின் மாமியார் கல்லுக்குண்டு மாதிரி உயிரோடு இருந்தாள். இருந்தது மட்டுமில்லை, அதே கம்பெனியில், அதே கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மெத்தையின் நாலு பக்கமும் ஓரப்பட்டி தைக்கிற மெஷினில் உட்கார்ந்திருந்தாள். ஓரத்தம்மா என்று பெயர். எந்த மெத்தையும் கடைசியாக அவள் கையைத் தாண்டித்தான் வண்டி ஏற வேண்டும். அந்த மெஷின் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் பேசுவதே கேட்காது, இதில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தன்னை வருஷா வருஷம் சாகடிக்கிற சங்கதி எங்கே கேட்கப் போகிறது.

டிரைவருக்கு மட்டும் தெரியும். அவர் கையைப் பிசைந்துகொண்டு ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார்.

"அக்கா, வருஷத்துக்கு ரெண்டு தடவைக்கு மேல வேணாம்க்கா. அதுக்கு மேல போனா எனக்கே ஆசை வந்துடும்."

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டிக்கு முன்னால் காலம் வந்து குறுக்கே நின்றது. எங்கேயோ இருக்கிற பெரிய கம்பெனிகள் மெத்தையைப் பாய் மாதிரி சுருட்டி, பெட்டிக்குள் அடைத்து, கைபேசியில் தட்டிய மறுநாளே வாசலில் போட்டுவிட்டுப் போயின. ஃபோம் விலை ஏறியது, ஆர்டர் இறங்கியது. பக்கத்துத் தெருவிலிருந்த தலையணைக் கடை மூடி, அங்கே கைபேசி பழுது பார்க்கும் கடை வந்தது. அப்போதுதான் முதலாளியின் மகள் வெளியூர் வேலையை விட்டுவிட்டு வந்து கம்பெனியில் உட்கார்ந்தாள்.

கெட்டிக்காரப் பெண். வந்ததும் கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அப்பாவிடம் சொன்னாள்: "பெட்டியில வர மெத்தை நாலே நாலு அளவுதான்ப்பா. தூண் இடிக்கிற மூலை, பழைய கட்டில், சாய்ஞ்ச கூரை ரூம், இதுக்கெல்லாம் அவங்ககிட்ட இல்ல. நாம அதைச் செய்வோம்." கட்டிலைப் படம் பிடித்து அனுப்பினால் அளவு போட்டுத் தருகிற செயற்கை அறிவு ஒன்றைக் கணினியில் ஏற்றினாள். கோணல்மாணல் கட்டில் வைத்திருந்தவர்கள் எல்லாம் தேடி வந்தார்கள். ஊரில் இத்தனை கோணல் கட்டில்களா என்று வெட்டுகிறவரே அசந்துபோனார். மலைச்சரிவு மாதிரி கூரை இறங்குகிற மாடி அறைகளுக்காக, ஒரு மூலை வெட்டிய பதினெட்டு மெத்தைகள் வேண்டுமென்று விடுதி நடத்தும் அம்மாள், எல்லாரும் லாட்ஜம்மா என்று சொல்வார்கள், பெரிய ஆர்டர் கொடுத்தாள். முதலாளி மகிழ்ந்துபோய் வெள்ளிக்கிழமை என்றார்.

அதற்கு அடுத்தபடியாக மகள் கொண்டுவந்ததுதான் டெலிபோனில் பேசுகிற செயற்கை அறிவு. சமாதானம் பேசிப் பதிவாகியிருந்த பழைய அழைப்புகளைக் கொடுத்து அதைப் பழக்கினாள். "எல்லா காலும் வேணாம், அக்கா யாரையெல்லாம் சந்தோஷமா போனை வைக்க வச்சாங்களோ அது மட்டும் போதும்" என்று பொறுக்கிப் பொறுக்கிக் கொடுத்தாள். குரல்கூட அச்சு அசல் சமாதானத்தின் குரல். கூடத்தில் அதற்கு உடனே பெயர் வைத்துவிட்டார்கள்: தங்கச்சி.

"அக்கா, இனிமே நீங்க சாப்பிடப் போனாக்கூட போன் சும்மா அடிக்காது" என்றாள் மகள்.

சமாதானம் உயரத்திலிருந்து இறங்கி வந்து முதலாளி அறை வாசலில் நின்றாள். கேட்க வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் கேட்டாள். "ஐயா, தங்கச்சி வந்துட்டா. அக்காவுக்கு வேலை இருக்கா?"

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"உனக்கென்னம்மா. வெள்ளிக்கிழமை பேசிக்கலாம்."

இத்தனை வருஷமாக அந்த வெள்ளிக்கிழமையின் மறுநாளை வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள்தானே. அவர் வெள்ளிக்கிழமை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்.

வீட்டில் சொன்னாள். அவர்களுடைய மகள் கல்லூரியில் இன்னும் படிப்பை முடிக்கவில்லை, கணவரின் ஓய்வூதியம் பாதி மாதத்திலேயே இறங்கிவிடும். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "உன் வாய்க்கு நான் ஒருத்தன்தான் பயப்படறேன்னு நெனச்சேன். இப்போ உன் வாயே உன்ன வேலைய விட்டு இறக்கிவிடுதா." பிறகு அவளுக்கு முன்னால் காபியை வைத்துவிட்டு, வெகுநேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

பார்க்கிறவர்கள் பொறாமைப்படும்படிதான் தங்கச்சி வேலை பார்த்தாள். ஒரே நேரத்தில் பத்துப் பேரோடு பேசினாள், தண்ணீர் குடிக்கவில்லை, தும்மவில்லை. சமாதானம் தன் கோபுரத்தில் சும்மா உட்கார்ந்து, அடிக்காத டெலிபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பேச்சுக்கும் பிறகு வாடிக்கையாளர்கள் நட்சத்திரம் போட்டார்கள். எதைச் சொன்னால் நட்சத்திரம் கூடுகிறதோ அதையே இன்னும் சொல் என்று மகள் அதற்குப் புத்தி சொல்லி வைத்திருந்தாள். மழையைச் சொல்லிப் பார்த்தது, இரண்டு நட்சத்திரம். மெஷின் கோளாறு, மூன்று. அப்புறம் ஒருநாள் டிரைவரின் மாமியாரை எடுத்தது. ஐந்து.

அவ்வளவுதான். அந்த வாரம் மெத்தை வராத அத்தனை பேருக்கும் டிரைவரின் மாமியார் செத்துப்போனாள். ஒருவருக்கு நெஞ்சுவலியில், ஒருவருக்குத் தூக்கத்தில், ஒருவருக்கு மாடிப்படியில் வழுக்கி. ஒரே நாளில் காலையும் மாலையும் செத்தாள். ஒரு மாமியார் இத்தனை விதமாகச் சாக எந்த மருமகனும் கொடுத்துவைத்ததில்லை.

திங்கட்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரம். வெயிலுக்கு ஒதுங்கி, கம்பெனி வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டுச் சாப்பிட்டு முடித்து, டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள் ஓரத்தம்மா. ஒரு கார் வந்து நின்றது. லாட்ஜம்மா இறங்கினாள். கையில் வெள்ளைப் பூங்கொத்து. அவளுக்குப் பின்னால் ஸ்கூட்டரில் பல் டாக்டர், அவர் கையிலும் பூ. பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் நடந்தே வந்திருந்தார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து, மெதுவாகத் தலையசைத்துக்கொண்டார்கள்.

"யாருக்குங்க பூவெல்லாம்?" என்று கேட்டாள் ஓரத்தம்மா.

"உங்களுக்குத் தெரியாதா? டிரைவரோட மாமியார் தவறிட்டாங்க" என்றாள் லாட்ஜம்மா.

"அடப் பாவமே. எந்த டிரைவர்?"

"உங்க கம்பெனி டிரைவர்தான்."

"எங்க கம்பெனிக்கு டிரைவர் ஒருத்தர்தானே."

"அவர்தாம்மா. மாடிப்படியில வழுக்கிட்டாங்களாம்" என்றார் பல் டாக்டர்.

"இல்லையே, தூக்கத்துல போயிட்டாங்கன்னு சொன்னாங்க" என்றார் வாத்தியார்.

ஓரத்தம்மா டப்பாவை மூடினாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அந்த நேரம் பார்த்து வண்டி உள்ளே திரும்பியது. டிரைவர் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தவர், பூக்களையும் மாமியாரையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்டு, காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"இறங்கி வாங்க மாப்பிள்ளை. உங்க மாமியார் செத்துட்டாங்களாமே. எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நானும் ரெண்டு பூ வாங்கியிருப்பேன்ல."

எல்லாரும் முதலாளி அறையில் கூடினார்கள். கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "மெஷின் ஏதோ தப்பா கத்துக்கிச்சு அப்பா. இதை வச்சுக்க வேணாம். இன்னைக்கே திருப்பி அனுப்பிடறேன்" என்றாள்.

சமாதானம் கூட்டத்தின் பின்னால் நின்றாள். அவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்தால் போதும். தங்கச்சி போய்விடுவாள், நாற்காலி மிஞ்சும். வாய் இருந்தால் பிழைக்கலாம் என்று வாழ்ந்தவளுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடினால் பிழைக்கலாம் என்று ஒரு வாய்ப்பு. அவள் மூடித்தான் வைத்திருந்தாள். பேசியது கணினி. அது லாட்ஜம்மாவிடம் என்ன சொன்னது என்று ஓரத்தம்மா கேட்டதற்கு மகள் அந்த அழைப்பை ஓடவிட்டாள்.

"...வண்டிய ஓரமா நிறுத்திட்டு, ஸ்டியரிங்ல தலைய வச்சு அழுதாரும்மா. பெத்த அம்மாவா இருந்தாக்கூட அப்படி அழமாட்டாங்க."

ஓரத்தம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து, சமாதானத்திடம் நின்றாள்.

"இது நீ பேசற பேச்சாச்சே. எத்தன வருஷமா என்னைக் கொன்னுட்டு இருக்க?"

சமாதானத்துக்குச் சட்டென்று நாலு பதில் தோன்றின. நாலும் அருமையான பதில்கள், ஒவ்வொன்றும் ஐந்து நட்சத்திரம் வாங்கும். ஆனால் எதிரில் இருந்தவள் வாடிக்கையாளர் இல்லை.

"எப்பவாவதுதான் அத்தை" என்றார் டிரைவர், அவளுக்காக. "வருஷத்துக்கு ரெண்டு தடவைதான். நான் கண்டிஷன் போட்டிருந்தேன்."

"ஓ, கண்டிஷன் வேறயா." ஓரத்தம்மா மருமகன் பக்கம் திரும்பினாள். வசவு விழும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். ஆனால் அவள் கேட்டது வேறு.

"அழுவீங்களா மாப்பிள்ளை?"

டிரைவர் தரையைப் பார்த்தார். காதுமடல்கள் சிவந்தன. "நெஜமா நடந்தா அழுவேன் அத்தை. ஸ்டியரிங்ல தலைய வச்செல்லாம் இல்ல. ஆனா அழுவேன்."

ஓரத்தம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சரி, அது போதும். அந்த மாடிப்படி கதைய மட்டும் யாரும் இனிமே சொல்லாதீங்க. நான் என்ன படி பார்த்து இறங்கத் தெரியாதவளா?"

முதலில் சிரித்தது வாத்தியார், அவரைத் தொடர்ந்து எல்லாரும். பிறகு பூங்கொத்தை என்ன செய்வது என்று தெரியாமல் அதை ஓரத்தம்மாவிடமே கொடுத்தாள் லாட்ஜம்மா. கொடுத்த கையோடு சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"எல்லாம் சரி. என் பதினெட்டு மெத்தை எப்போ வரும்? அடுத்த வாரம் ரூமுக்கு ஆளு வர்றாங்க. இல்லன்னா இப்பவே சொல்லுங்க, நான் வேற வழி பாக்கறேன்."

முதலாளியின் வாய் தானாகத் திறந்து "வெள்ளி..." என்று தொடங்கியது. மகள் அவர் கையைப் பிடித்தாள். ஓரத்தம்மாதான் பூவை மார்போடு அணைத்தபடி சொன்னாள்:

"மூலை வெட்டினதுதானே? இன்னும் என் மெஷினுக்கே வரலை. ஃபோம் இன்னைக்குத்தான் வெட்டறாங்க. நாளைக்குக் காலையில கைக்கு வந்தா ஒரு நாளைக்கு ஆறு முடிப்பேன். வியாழக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை கொண்டுவந்து போட்டுடுவாரு."

லாட்ஜம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நம்பறேன். செத்தவங்க பொய் சொல்ல மாட்டாங்க."

வந்தவர்கள் போனபிறகு மகளே சொன்னாள்: "தப்பு என்னோடதுதான்ப்பா. சந்தோஷப்படுத்துன்னு சொன்னேனே தவிர, நிஜத்த சொல்லுன்னு சொல்லல. சொல்றதுக்கு அதுகிட்ட நிஜமும் இல்ல. எந்த மெத்தை யார் கையில இருக்குன்னு நாம யாருமே அதுக்குக் கொடுக்கலையே." அன்று மாலைக்குள் வழி கண்டுபிடித்துவிட்டாள். தைக்கிறவர்கள், வெட்டுகிறவர்கள் ஒவ்வொருவரையும் தினம் காலையில் கேட்டு, அவர்கள் வாயால் சொல்லும் நாளைத் தங்கச்சிக்குக் கொடுப்பது. தங்கச்சி அதை மட்டும் சொல்வது. முதலாளி எந்த ஆர்டருக்கும் நாள் சொல்லக் கூடாது.

"நாள் சொல்லாம நான் என்ன சொல்றது?" என்று பரிதாபமாகக் கேட்டார் முதலாளி.

"வணக்கம் சொல்லுங்கப்பா."

இது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற சமாதானம் முன்னால் வந்தாள்.

"ஐயா, வெள்ளிக்கிழமை வேணாம். இப்பவே சொல்லுங்க. எனக்கு வேலை இருக்கா, இல்லையா? என் முகம் வாடினா வாடட்டும், நான் பாத்துக்கறேன்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். மாட்டினார். வேர்த்தது. ஆயுசில் அவர் ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொன்னதை யாரும் பார்த்ததில்லை என்பதால், கூடத்தில் இரண்டு மெஷின்கள் நின்றன.

"டெலிபோன் வேலை பாதிதாம்மா இருக்கும்" என்றார் கடைசியில். "மனுஷங்கதான் பேசணும்னு அடம்பிடிக்கிறவங்களுக்கு மட்டும். மத்தியானத்துக்கு மேல. காலையில நீ கூடத்துல சுத்தி, ஒவ்வொருத்தர்கிட்டயும் எந்த நாள்னு கேட்டு வாங்கணும். உன்கிட்டதான் எல்லாரும் வாயைத் திறப்பாங்க. சம்பளம் அதேதான். ஏத்த முடியாது."

ஏற்ற முடியாது என்பதையும் சேர்த்து அவர் சொன்னதால்தான் அவளுக்கு நம்பிக்கை வந்தது.

ஓரத்தம்மா விடவில்லை. "எல்லாருக்கும் நியாயம் ஆச்சு. செத்தவளுக்கு என்ன நியாயம்? அந்த நாற்காலி மெத்தை அத்தனையும் எனக்கு வேணும். நாள் பூரா வெறும் பலகையில உக்காந்து இடுப்பு போச்சு."

சமாதானம் மறுபேச்சுப் பேசவில்லை. வருஷம் வருஷமாக அடுக்கிய கோபுரத்தைத் தானே ஒவ்வொன்றாக எடுத்துச் சுமந்துகொண்டு போய் அந்தப் பக்கம் அடுக்கினாள். கடைசித் துண்டை எடுத்ததும் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். பாதம் தரையில் பட்டது. சிமெண்டு சில்லென்று இருந்தது. ஓரத்தம்மா ராணி மாதிரி உயரத்தில் ஏறி உட்கார்ந்து, மெஷினை மிதிக்கக் கால் எட்டாமல், மேலிருந்து மூன்றைக் கீழே வீசினாள்.

மறுநாள் மத்தியானம் முதல் அழைப்பு. தங்கச்சி ஒரு வாடிக்கையாளரிடம், மெத்தை திங்கட்கிழமைதான் வரும், ஓரம் தைக்கிறவர் அன்றைக்குத்தான் முடிப்பதாகச் சொல்லியிருக்கிறார் என்று உள்ளபடி சொல்லிவிட்டாள். ஒரு நட்சத்திரம். ஆள் கொதித்துப்போய், மனுஷங்களைக் கொடு என்று கேட்டிருந்தார்.

சமாதானம் ரிசீவரை எடுத்தாள். தொண்டைவரை வந்த மழையையும் மெஷின் கோளாறையும் விழுங்கினாள். "அது சொன்னது உண்மைதான் சார். திங்கட்கிழமைதான்."

"அதை நான் எப்படிம்மா நம்பறது? யார் தைக்கிறாங்க?"

"டிரைவரோட மாமியார் சார்."

அந்தப் பக்கத்துக் குரல் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தது. "போன வாரம் அவங்க செத்துட்டாங்கன்னு சொன்னது நீங்கதானே?"

சமாதானம் டெலிபோனின் நீளமான வயரை இழுத்துக்கொண்டு கூண்டை விட்டு வெளியே நடந்தாள். வயர் எவ்வளவு தூரம் வருமோ அவ்வளவு தூரம் நடந்து, மீதித் தூரத்துக்கு ரிசீவரை உயரத் தூக்கிப் பிடித்தாள். மேலே ஓரத்தம்மா மெஷினை நிறுத்தினாள். ஊசியில் நூல் அறுந்திருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு குனிந்து வாங்கிக்கொண்டாள்.

"ஆமாங்க, அந்த செத்தவதான் பேசறேன். சொல்லுங்க, உங்களுக்கு எத்தன மெத்தை?"